சொல் வந்தது, கூட்டாளி வரவில்லை: காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய ஒரு குழந்தையைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியின் விசைத்தறி ஊர் ஒன்றில் வாழும் குடும்பம் இது. பெற்றோரின் இசைவோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இளங்குழந்தைகளுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் ஏறத்தாழ ஓராண்டு அவர்களோடு சேர்ந்து வேலை செய்தேன். காது கேளாத குழந்தையின் செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டிக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியைப் பொருத்தியாயிற்று, குழந்தையும் சொற்களைச் சொல்கிறாள், இனிக் கவலையில்லை என்று எல்லோரும் நிம்மதி அடைந்திருந்த நேரத்தில்தான் சிக்கல் வெளியே தெரிந்தது. இப்படி வரும் குழந்தைகள் குறைவல்ல என்பதால் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

## பின்னணி

குழந்தை பெண், வீட்டில் இரண்டாவது பிள்ளை. மூத்தவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். பிறவிக் காது கேளாமையின் மரபணுக் காரணங்களில் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்து சேரும்போதுதான் வெளிப்படும். இரு தரப்பிலும் காது கேளாதவர் எவரும் இல்லாததால் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்த எண்ணம் எழவில்லை.

பிரசவம் சிக்கலில்லாமல் நடந்தது. மறுநாள் செய்த செவிப் பரிசோதனையில் இரு காதுகளுக்கும் ‘மறுபடி பார்க்க வேண்டும்’ என்று முடிவு வந்தது. பிறந்த குழந்தையின் காதில் நீர் இருக்கும், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தாள் தடுப்பூசி அட்டைக்குள் மடிந்து கிடந்தது. அங்கிருந்து யாரும் திரும்ப அழைக்கவில்லை. வீட்டிலும் தறியை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை.

வீட்டின் பின்கட்டில் தறிக்கூடம். தறி நின்றால் குழந்தை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பும். “காது கேட்காத பிள்ளைக்குத் தறி நின்றது எப்படித் தெரியும்?” என்று தந்தையின் தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். தரையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த அதிர்வு நின்றதை அவளுடைய உடம்பு உணர்ந்திருக்கிறது. வீட்டார் அதைச் செவி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு வயது தாண்டியும் பேச்சு வராதபோது, “இவள் அப்பனே மூன்று வயதில்தான் வாய் திறந்தான்” என்ற ஆறுதல் கிடைத்தது. தீபாவளியன்று வாசலில் சரவெடி வெடித்தபோதும் கட்டிலில் அயர்ந்து தூங்கிய மகளைப் பார்த்து, ஐயப்பட்டவர் தாய் ஒருவர்தான்.

1 வயது 8 மாதத்தில், ஒலிக்கு செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனை நடந்தது. இரு காதுகளிலும் 90 டெசிபெல் வரை எதிர்வினை இல்லை. காதுக் கருவி அணிந்தும் பயன் தெரியவில்லை. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் கிடைக்கிறது என்பதை அறிந்து, 2 வயது 9 மாதத்தில் வலது காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்கள். அடுத்த மாதம் கருவி இயக்கப்பட்டது.

பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் உதவி என்பது உலகெங்கும் இத்துறையினர் பின்பற்றும் அளவுகோல். இந்தக் குழந்தைக்குத் தெளிவான ஒலி முதன்முதலாகக் கிடைத்தது 34ஆம் மாதத்தில். அதுவரை அவளிடம் முழுமையான மொழி எதுவும் இல்லை. பேச்சும் இல்லை, சைகை மொழியும் இல்லை.

## எங்களிடம் வந்தபோது

அப்போது வயது 3, மாதம் 11. “மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறாள். கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்று அங்கன்வாடி டீச்சர் சொல்லிவிட்டார். தாய்க்கு இது புரியவே இல்லை. “பேச்சுத்தான் வந்துவிட்டதே மேடம், பிறகு ஏன் இப்படிச் செய்கிறாள்?” என்று கேட்டார்.

பேச்சு வந்திருந்தது உண்மை. தாய் பையிலிருந்து பட அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். யானை, பஸ், குடை, வாழைப்பழம், சிவப்பு, பச்சை. குழந்தை தயங்காமல் சொன்னாள். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் முகத்தைப் பார்க்காமலே கேட்டுத் திருப்பிச் சொன்னாள். பயிற்சிக் குறிப்பேட்டில் 160 சொற்கள் இருந்தன. ஆனால் அட்டைகள் பைக்குள் போனதும் பேச்சும் நின்றுவிட்டது. அன்று இருந்த நேரம் முழுவதிலும் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கண்டதைச் சொல்லவும் இல்லை, எதையும் வேண்டாம் என்று மறுக்கவும் இல்லை. வேண்டியதைப் பிடித்து இழுத்தாள், வேண்டாததைத் தள்ளிவிட்டாள்.

மதிப்பீட்டில் புரிந்துகொள்ளும் மொழி 2 வயதுக் குழந்தையின் அளவிலும், வெளிப்படுத்தும் மொழி அதற்குச் சற்றுக் கீழேயும் இருந்தன.

## கவனித்தவை

மையத்தின் அமைதியான அறையில் பார்ப்பது போதாது என்பதால் அங்கன்வாடிக்கும் வீட்டுக்கும் போனோம்.

அங்கன்வாடியில் மூன்று சிறுமிகள் கொட்டாங்குச்சியும் மண்ணும் வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் தூணருகே நின்று பார்த்தாள். அவர்கள் சிரித்தால் இவளும் சிரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அருகே நகர்ந்தாள். பிறகு திடீரென்று ஓடிப்போய் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தாள். “நீ விருந்தாளி, அங்கே போய் உட்கார்” என்றாள் ஒருத்தி. அது இடம் கொடுத்துச் சொன்ன சொல். விளையாட்டில் இவளைச் சேர்த்துக்கொண்டுவிட்டாள் அந்தச் சிறுமி. தகரக் கூரையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்த அந்த அறையில், ஒற்றைக் காதுக் கருவிக்கு அது எட்டவில்லை. எட்டியிருந்தாலும் ‘விருந்தாளி’ என்ற சொல் அவளிடம் இல்லை. சிறுமி கொட்டாங்குச்சியை வாங்கப் பார்த்தாள். இவள் கடித்தாள். ஆயா ஓடிவந்து இவளைத் தூக்கிப் போனார்.

ஆயா பார்த்தது கடியை மட்டும். அதற்கு முந்தைய நிமிடங்களைப் பார்த்த எனக்கு, இவள் அந்த விளையாட்டுக்குள் போக எவ்வளவு விரும்பினாள் என்பதில் ஐயமே இல்லை. உள்ளே போகும் வழிதான் தெரியவில்லை.

வீட்டில் அண்ணனோடு கண்ணாமூச்சி ஆடினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பீரோவின் பின்னால் ஒளிந்தாள். அடுத்த முறையும் அதே இடம். தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற எண்ணமே இன்னும் உருவாகவில்லை. காது கேட்கும் குழந்தைகளிடம் இது பெரும்பாலும் 4 வயதை ஒட்டி உறுதிப்படும். கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத பிள்ளைகள் பலருக்கு 8 வயது தாண்டியும் இது வருவதில்லை என்று 1995இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இந்தத் தாமதம் இல்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே தாமதத்துக்குக் காரணம் காது அல்ல, உரையாடல் இல்லாத குழந்தைப் பருவம்.

அந்த உரையாடல்தான் இந்த வீட்டில் எங்கே போயிற்று என்று பார்த்தோம். தாய் மகளிடம் பேசிய வாக்கியங்களில் பத்தில் எட்டு, விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விகள். “இது என்ன? இது என்ன நிறம்? சொல்லு கண்ணு.” இதில் தாயின் தவறு ஏதுமில்லை. பயிற்சி என்றால் இதுதான் என்று அவருக்குக் காட்டப்பட்டிருந்தது, சொன்னதைச் சிரத்தையாகச் செய்தார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மகளிடம் பேசும்போதெல்லாம் தாய் தன் இரு கைகளையும் முந்தானைக்குள் புதைத்துக்கொண்டார். கேட்டதற்கு, கையைக் காட்டிப் பேசினால் குழந்தைக்குப் பேச்சு வராது என்று முன்பு ஓரிடத்தில் சொன்னார்களாம். தறிக்கூடத்தில் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டும். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோருமே கையாலும் உதட்டசைவாலும் பேசிப் பழகியவர்கள். இந்தத் தாயும் மகளும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே தங்களுக்குள் இருபது முப்பது சைகைகளை வைத்திருந்தார்கள். அவற்றையெல்லாம் நிறுத்திவிட்டார்கள்.

கருவியில் பதிவாகும் அணிந்திருந்த நேரத்தை எடுத்துப் பார்த்தால், ஒரு நாளைக்குச் சராசரியாக நாலரை மணி நேரம். தறி ஓடும்போது இரைச்சல் தாங்காமல் குழந்தை அழுகிறாள், பஞ்சுத்தூசி மைக்கில் அடைகிறது, தலையில் ஒட்டும் காயிலைக் கருவியோடு இணைக்கும் வயர் அறுந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதனால் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது வேறு. தாயின் தந்தை, குழந்தையின் அப்புச்சி, ஆறு மாதங்களுக்கு முன் காலமாகியிருந்தார். அடுத்த தெருவில்தான் அவர் வீடு. குழந்தை இன்றும் அங்கே போனால் அவருடைய கயிற்றுக் கட்டிலைத் தட்டி, வாசலுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறாள், பிறகு கையில் கிடைத்ததை வீசுகிறாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணனுக்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லைதான். ஆனால் பெரியவர்கள் பேசியது அவன் காதில் விழுந்தது. கேட்கும் பிள்ளைகள் உலகத்தில் பாதியை இப்படித்தான், தங்களை நோக்கிப் பேசாத பேச்சிலிருந்து அறிந்துகொள்கிறார்கள். இவளுக்கு நேராகச் சொன்னது மட்டுமே செய்தி.

## முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

முதலில் வேறு காரணங்களை விலக்கினோம். மேப்பிங்கை, அதாவது குழந்தைக்கேற்பக் கருவியின் ஒலி அளவுகளை அமைத்திருந்ததை, சரிபார்த்ததில் கருவி நன்றாக வேலை செய்தது. கடிப்பதையும் பேசாமல் இருப்பதையும் வைத்து ஆட்டிசம் இருக்குமோ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் இவள் விரல் நீட்டிக் காட்டுகிறாள், காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறாள், பிறர் சிரிப்பில் கலந்துகொள்கிறாள். குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பார்த்து அதை விலக்கினார்கள்.

அடுத்தது கருவி அணியும் நேரம். தறிக்கூடத்துக்குள் எந்தக் கருவியும் பேச்சைத் தெளிவாகத் தராது; நாள் முழுவதும் அணியச் சொல்லித் தாயைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. குழந்தை இருக்கும் இடத்தை மாற்றினோம். தறி ஓடும் நேரத்தில் அவள் தாயின் தாயான அம்மிச்சியின் வீட்டில் இருப்பாள். அங்கே தறி இல்லை, பேசுவதற்கு ஆள் உண்டு, கணவரை இழந்து தனியே இருந்த அம்மிச்சிக்கும் துணை வேண்டியிருந்தது. கருவியைத் துணிப்பையில் வைத்து முதுகுப்புறம் கட்டச் சட்டையில் பட்டை தைத்தார்கள்.

பயிற்சியின் மையமும் அம்மிச்சிக்கு மாறியது. பட அட்டைகளை ஓரமாக வைக்கச் சொன்னோம். செய்யும் வேலையைப் பேச வேண்டும், மனத்தில் ஓடுவதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே அவருக்குக் கொடுத்த பாடம். “அடடா, உப்புப் போட மறந்துவிட்டேன்.” “டப்பாவில் சர்க்கரை இருக்கும் என்று நினைத்தேன், இது ரவை.” “அண்ணனுக்குத் தெரியாது, நாம் ஒளித்து வைக்கலாமா?” மறந்தேன், நினைத்தேன், தெரியாது, ஏமாந்தேன் போன்ற சொற்களைப் படம் போட்டுக் காட்ட முடியாது. அவை நடக்கும் நொடியில் கேட்டால்தான் பதியும். அம்மிச்சி இயல்பிலேயே கதை சொல்லிப் பழகியவர். எங்களைவிட நன்றாகச் செய்தார்.

தமிழுக்கே உரிய ஒரு தடையையும் கணக்கில் எடுத்தோம். யார், எங்கே, யாருக்கு என்பதைத் தமிழ் சொல்லின் கடைசியில் வைக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் மூன்றும் கடைசி ஒலியில்தான் வேறுபடுகின்றன. அதைத்தான் நாம் தாழ்ந்த குரலில் விழுங்கிவிடுகிறோம். கருவி வழிக் கேட்கும் குழந்தைக்கு முதலில் தவறுவது அதுவே. கத்திப் பேசாமல், அருகே அமர்ந்து, இறுதி ஒலியைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லும்படி குடும்பத்தாருக்குக் காட்டினோம்.

சைகையைப் பற்றிய முடிவில்தான் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. செவிவழிப் பயிற்சியில் ஊறியவர்கள், கைக்கு இடம் கொடுத்தால் காது சோம்பிவிடும் என்று அஞ்சுகிறார்கள். கேட்டலில் முழுக் கவனம் வேண்டும் என்ற அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் நான்கு வயது நெருங்கும் குழந்தைக்குக் கோபம், பயம், துக்கம் எதையும் சொல்ல வழி இல்லாதபோது, பேச்சு வரும்வரை காத்திரு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தாயின் கைகளை முந்தானையிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னோம். எங்கள் மையத்துக்கு வாரந்தோறும் வரும் காது கேளாத இளம்பெண் ஒருவர், இந்தியச் சைகை மொழியை அம்மிச்சி, தாய், அண்ணன் மூவருக்கும் கற்பித்தார். 2015இல் தில்லியில் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதிக் காணொளிகளைப் பார்த்து அண்ணன் தானாகவே மேலும் கற்றான். பேசிக்கொண்டே சைகை செய்வது, கருவியைக் கழற்றிய நேரத்தில் சைகை மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

அப்புச்சியின் இறப்பை அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் முடிவெடுத்தோம். தந்தையின் தாயார் முதலில் மறுத்தார். குழந்தைக்கு எதற்கு இந்தப் பாரம் என்றார். அவள் ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறாள் என்பதை அந்தக் கட்டில் காட்சியை வைத்து விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். அம்மிச்சி படத்தை மடியில் வைத்து, கையாலும் வாயாலும் சொன்னார்: அப்புச்சிக்கு உடம்பு சரியில்லை. இறந்துவிட்டார். திரும்பி வரமாட்டார். எனக்கு அழுகை வருகிறது. உனக்கும் வருகிறதா?

அங்கன்வாடியில் டீச்சர் முழு மனத்தோடு ஒத்துழைத்தார். கூட்டத்தில் விடாமல், கூட்டாஞ்சோறு ஆடிய அந்தச் சிறுமியோடு மட்டும், மதியத் தூக்கத்துக்கு முன் மின்விசிறியை நிறுத்திவிட்டு விளையாட விட்டார். “நானும் வரட்டுமா?” என்று கேட்பதையும், “நான் யார்?” என்று விளையாட்டில் தன் வேடத்தைக் கேட்பதையும் முன்கூட்டியே வீட்டில் ஆடிப் பழக்கினோம். மற்ற பிள்ளைகளுக்குத் தோளைத் தொட்டு, முகத்தைக் காட்டிப் பேசக் கற்றுக்கொடுத்தார். சிறுபிள்ளைகள் அதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

## பின்னர் நிகழ்ந்தவை

அப்புச்சியைப் பற்றிச் சொன்ன அன்று குழந்தை அழவில்லை. இரண்டு நாள் கழித்து, கட்டிலைக் காட்டி, ‘இல்லை’ என்று சைகை செய்து, “அப்புச்சி வரமாட்டா” என்றாள். முடிவு ஒலி தவறியிருந்தது. ஆனால் நாங்கள் கேட்ட அவளுடைய முதல் முழு வாக்கியம் அது. பொருளை வீசுவது படிப்படியாகக் குறைந்தது.

மூன்றாம் மாதத்தில் கருவி அணியும் நேரம் 9 மணி நேரத்தைத் தொட்டது. ‘எங்கே?’, ‘யாரு?’ என்ற கேள்விகள் முதலில் சைகையாகவும் சில வாரங்களில் குரலாகவும் வந்தன. சைகை வந்ததால் பேச்சு குறையவில்லை.

ஐந்தாம் மாதம் காயில் வயர் அறுந்தது. மாற்று வயர் வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. அந்த இடைவெளியில் குரல் குறைந்தது, அங்கன்வாடியில் ஒருமுறை மீண்டும் கடித்தாள். ஆனால் வீட்டில் சைகையால் பேச்சு தொடர்ந்தது. முந்தைய ஆண்டு இதேபோல் கருவி பழுதானபோது அவள் நாள் முழுவதும் மூலையில் கிடந்தாள் என்று தாய் சொன்னார்.

எட்டாம் மாதம் தாய் ஒரு புகாரோடு வந்தார். குழந்தை டப்பாவிலிருந்து முறுக்கைத் தின்றுவிட்டு, கேட்டபோது, “அண்ணன் தின்னான்” என்றாளாம். வாயோரத்தில் முறுக்குத்தூள் ஒட்டியிருக்கிறது. பொய் சொல்லப் பழகிவிட்டாளே என்று தாய் வருந்தினார். எனக்கோ அன்று பெரும் மகிழ்ச்சி. அம்மா பார்க்கவில்லை, அதனால் அம்மாவுக்குத் தெரியாது, நான் சொல்வதை அவர் நம்பக்கூடும் என்று எண்ண முடிந்த குழந்தையால்தான் பொய் சொல்ல முடியும். அதே வாரம் தீப்பெட்டிக்குள் பாசிமணியைப் போட்டுக் காட்டி, இதைப் பார்க்காத அப்பா உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வார் என்று கேட்டோம். “தீக்குச்சி” என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணாமூச்சியிலும் இப்போது இடம் மாற்றி ஒளிகிறாள்.

ஆண்டு முடிவில் மதிப்பீடு செய்தபோது வயது 4, மாதம் 11. புரிந்துகொள்ளும் மொழி 3 வயது 4 மாத அளவுக்கும், வெளிப்படுத்தும் மொழி 3 வயது அளவுக்கும் வந்திருந்தன. வயதோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. ஆனால் 12 மாதத்தில் 12 மாதத்துக்கும் மேலான வளர்ச்சி. கூட்டாஞ்சோறு விளையாட்டில் ஒரு தோழி உறுதியாக இருக்கிறாள். நான்கைந்து பேர் சேர்ந்து ஓடியாடும் விளையாட்டில் இவள் இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறாள்; பேச்சு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும் வேகத்தை ஒற்றைக் காதுக் கருவியால் பின்தொடர முடிவதில்லை. வினைமுற்றின் இறுதி ஒலி இன்னும் தவறுகிறது.

## மாற வேண்டியவை

பிறந்தவுடன் பரிசோதிப்பது மட்டும் போதாது. ‘மறுபடி பார்க்க வேண்டும்’ என்று வந்த குழந்தையைத் தேடிப் பிடித்து அழைத்து வருவது ஒருவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும். தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் கிராமச் செவிலியர் அந்தத் தாளைக் கேட்டிருந்தால், இந்தக் குழந்தைக்கு இரண்டு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். தறி ஊர்களில், அதிர்வுக்குத் திரும்புவதை வைத்துக் காது கேட்கிறது என்று முடிவுகட்டக் கூடாது என்பதையும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சியை எத்தனை சொற்கள் வந்தன என்ற எண்ணிக்கையால் அளப்பதை நிறுத்த வேண்டும். குழந்தை கேள்வி கேட்கிறதா, கதை சொல்கிறதா, இன்னொரு குழந்தையோடு எவ்வளவு நேரம் விளையாடுகிறது என்பவை முதல் மாதத்திலிருந்தே குறிப்பேட்டில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு அழைப்பது தாயை மட்டுமாக இருக்கக் கூடாது. பகலில் குழந்தையோடு யார் இருக்கிறாரோ அவரே முதன்மையானவர். கருவி பொருத்திய அன்றே மாற்று வயர் ஒன்றும் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு அறுவைச் சிகிச்சைச் செலவில் சிறு துளி.

சைகையை விலக்கச் சொல்லும் அறிவுரை இன்றும் பல இடங்களில் தரப்படுகிறது. காது கேளாத குழந்தைக்குப் பேச்சு வருமா, எப்போது வரும் என்பதை முன்கூட்டி யாராலும் உறுதி சொல்ல முடியாத நிலையில், இருக்கும் ஒரே மொழிவழியை அடைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

## இப்போதைய நிலை

வரும் ஜூன் மாதம் ஊர்ப் பள்ளியில் முன்மழலையர் வகுப்பில் சேர்கிறாள். தோழியும் அங்கேயே சேர்வதால் இருவரையும் முன்வரிசையில், சன்னல் இரைச்சலுக்கு எதிர்ப்புறம், அருகருகே உட்கார வைக்க ஆசிரியை இசைந்திருக்கிறார். இடது காதுக்கும் கருவி பொருத்த வழி உண்டா என்று குடும்பம் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

தாய் மீண்டும் கருவுற்றிருந்தார். பெற்றோர் இருவரும் பழுதுள்ள மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று முன்பே விளக்கியிருந்தோம். சென்ற மாதம் பிறந்த ஆண் குழந்தைக்கு, வீட்டுக்கு அனுப்பும் முன்பே இரு காதுகளையும் பரிசோதிக்கும்படி அம்மிச்சி பிடிவாதமாக நின்று செய்ய வைத்தார். இரண்டிலும் தேறியிருக்கிறான். ஆயினும் மூன்றாம் மாதத்தில் பெரா பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறோம்.